3 நாள் நடந்து 23 மான் பார்த்தோம், அதை வைத்துக் காட்டில் எத்தனை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆனைகட்டி_ரவி:

வணக்கம் நண்பர்களே. போன மாதம் ஒரு புலிகள் காப்பகத்தில் இரைவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராக 3 நாள் போய்வந்தேன். தொழில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதனாலேயே வீடு திரும்பியதிலிருந்து ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது, தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

காலை ஆறரை மணிக்கு 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டில் நடக்கவிடுவார்கள். டிரான்செக்ட் என்றுதான் அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். மரங்களில் பெயின்ட் அடித்து வழி குறித்திருக்கும். முன்னால் இருளர் சமூகத்து வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் (நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிட்டோம்), அடுத்து நான், கடைசியில் வனக்காப்பாளர். பேச்சு மூச்சு கிடையாது. மான் தென்பட்டால் அண்ணன் கையைத் தூக்குவார், நான் காம்பஸில் கோணத்தையும் ரேஞ்ச் ஃபைண்டரில் தூரத்தையும் பார்த்து எழுத வேண்டும். 3 நாள் காலையிலும் அதே கோடுதான், ஆக 6 கிலோமீட்டர். புள்ளிமான் 6 கூட்டம், எண்ணினால் 23 தலை. கடமான் ஒன்றே ஒன்று. வழியில் அங்கங்கே 20 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துக்குக் கயிறு பிடித்து, குனிந்து புழுக்கை வேறு எண்ணினோம்.

இப்போது சந்தேகம். காட்டில் நாங்கள் கால் வைக்காத இடம்தான் அதிகம், அங்கே இருக்கும் மானை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? முதல் நாள் பார்த்த கூட்டத்தையே மூன்றாம் நாளும் பார்த்திருந்தால் அது இரட்டை எண்ணிக்கை ஆகாதா? அண்ணன் கண்ணுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியவில்லை, நான் மட்டும் போயிருந்தால் 2 கூட்டம் எழுதியிருப்பேன், அப்போது காட்டில் மான் குறைந்துவிடுமா? எல்லா இடத்திலும் கேமரா வைத்தால் தீர்ந்தது இல்லையா? அப்புறம் அந்தக் காலத்தில் எப்படி எண்ணினார்கள், அந்த எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?

திரும்பும்போது அண்ணனிடம் "இந்தப் பக்கம் மொத்தம் எத்தனை மான் இருக்கும்ணே" என்று கேட்டேன். "நாம பார்த்தது கொஞ்சம் சார், நம்மளைப் பார்த்ததுதான் ஜாஸ்தி" என்றார். அந்த ஜாஸ்தியை எப்படி எண்ணுவது என்பதுதான் என் கேள்வி.


விலங்கியல்_மாணவி:

ரவி அண்ணா, நான் இரைவிலங்குகளை வைத்துத்தான் ஆய்வு செய்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்தக் காவலர் சொன்ன ஒரு வரியில் மொத்த முறையும் அடங்கியிருக்கிறது. பார்த்த மானை எண்ணுவது சுலபம், பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் கோணமும் தூரமும்.

ஒரு கூட்டம் உங்களிடமிருந்து 60 மீட்டர் தள்ளி, நடக்கும் கோட்டுக்கு 30 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். சைன் 30 அரை, ஆகவே அந்தக் கூட்டம் கோட்டிலிருந்து செங்குத்தாக 30 மீட்டர். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு செங்குத்துத் தூரம் கிடைக்கும். கோட்டை ஒட்டி நிறையக் கூட்டம் பதிவாகும், 40 மீட்டருக்கு அப்பால் குறையும், 80 தாண்டினால் அநேகமாக ஒன்றும் இருக்காது. மான்கள் நம் கோட்டைத் தேடி வந்து நிற்பதில்லை, எல்லாத் தூரத்திலும் ஒரே மாதிரிதான் பரவியிருக்கும். அப்படியென்றால் தூரம் போகப்போக எண்ணிக்கை சரிவது மான் இல்லாததால் அல்ல, நமக்குத் தெரியாமல் போனதால். அந்தச் சரிவை ஒரு வளைகோடாகப் போட்டால் எந்தத் தூரத்தில் எவ்வளவு தவறவிட்டோம் என்பது வந்துவிடும்.

உங்கள் எண்ணையே போட்டுப் பார்ப்போம். வளைகோட்டிலிருந்து, இரண்டு பக்கமும் 45 மீட்டர் அகலத்தில் இருந்ததையெல்லாம் பார்த்ததற்குச் சமம் என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம் (இது உதாரணம் மட்டுமே). 6 கிலோமீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம், 0.54 சதுர கிலோமீட்டர். அதில் 23 மான். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 43. ஆனால் 6 கூட்டத்தை வைத்து யாரும் வளைகோடு போட மாட்டார்கள், குறைந்தது 60 பதிவாவது வேண்டும் என்பார்கள். அதற்குத்தான் காடு முழுக்கப் பல கோடுகள், பல குழுக்கள். உங்கள் தாள் அந்தக் குவியலில் ஒன்று.

இரட்டை எண்ணிக்கை பற்றி: நாம் மான்களைப் பெயர் எழுதிப் பதிவு செய்யவில்லை, இந்தக் கோட்டை ஒட்டிய பகுதியில் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கிறோம். மூன்று காலையும் மூன்று தனி நடை. அதே கூட்டத்தை நாளைக்குப் பார்த்தாலும் நாளைக்கு நடந்த 2 கிலோமீட்டரும் சேர்த்துத்தானே வகுக்கிறோம். ஒரே நடையில் அதே கூட்டம் முன்னால் ஓடிப் போய் மறுபடி தென்பட்டால் மட்டும் எழுதக் கூடாது.

கண் பற்றிய கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. நீங்கள் தனியாகப் போயிருந்தால் தூரத்து மான்கள் தெரிந்திருக்காது, வளைகோடு சீக்கிரமே சரிந்திருக்கும், 45 மீட்டருக்குப் பதில் 20 மீட்டர் என்று வந்திருக்கும். சின்ன எண்ணைச் சின்ன அகலத்தால் வகுக்கிறீர்கள், விடை பெரிதாக மாறாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, கோட்டின் மேலேயே நிற்கும் மான் தப்பவே கூடாது. தப்பினால் கணக்கு முழுக்கக் கீழே போய்விடும். இன்னொன்று, நம்மைக் கண்டு நகர்வதற்கு முன் அது நின்ற இடத்தைத்தான் அளக்க வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றியது முன்னால் போன அண்ணனின் கண். நாங்கள் என்ன சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் அவர் கை தூக்கிய நொடிதான் எங்கள் தரவு. ஆய்வுக் கட்டுரைகளில் இவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு வரியில் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

கேமரா: புலிக்கு அது அருமையாகப் பொருந்துகிறது, ஏனென்றால் வரி புலிக்குப் புலி மாறும். கம்பியில் கால் பட்டால் தானே படம் எடுக்கும் வித்தையை எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920களிலேயே வட இந்தியக் காடுகளில் செய்துகாட்டிவிட்டார், அதை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தியது புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த், 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில். 2018 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். புள்ளிமானின் புள்ளியும் மானுக்கு மான் வேறுதான், ஆனால் 30 மான் நெருக்கியடித்து நடக்கும்போது ஒவ்வொன்றின் விலாவையும் படம் பிடித்து ஒப்பிட முடியாது. அதனால் மானுக்கு இன்றைக்கும் நடந்துபோய் எண்ணுவதுதான்.

புழுக்கை, காலையில் கண்ணில் படாத விலங்குக்காக. கடமான் ராத்திரியில்தான் அதிகம் நடமாடும், பகலில் புதரை விட்டு வராது, ஆனால் புழுக்கை அங்கேயேதான் கிடக்கும். ஒரு தொல்லை, மழையும் சாணிவண்டும் கரையானும் அதை விட்டுவைப்பதில்லை, ஈரக்காட்டில் சீக்கிரம் மறைந்துவிடும், அதனால் அதை மட்டும் நம்பி எண்ணிக்கை சொல்வது கஷ்டம்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஒரு புலி வருஷத்துக்கு 50 மான் அளவுக்கு இரை எடுக்கும், இரைக்கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது என்று வைத்தால் ஒரு புலிக்குப் பின்னால் 500 விலங்கு உயிரோடு நிற்க வேண்டும். காரந்தும் மெல் சன்க்விஸ்ட் என்ற ஆய்வாளரும் நாகரஹொளெயில் இப்படி நடந்து எண்ணியபோது சதுர கிலோமீட்டருக்குப் புள்ளிமான் சுமார் 50, கடமான் 5 அளவில் வந்தது. அங்கே புலி ஏன் அவ்வளவு என்பதற்கு அந்த எண்தான் பதில்.


பழைய_வனவர்:

தம்பி ரவி, அந்தக் காலத்தில் எப்படி எண்ணினார்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்று வருஷம் பல ஆகிறது, எந்தக் கோட்டம் என்பது வேண்டாம்.

எங்கள் நாளில் மான் கணக்கு என்றால் தண்ணீர்க் குட்டை. மே மாதம், பௌர்ணமியை ஒட்டி, வேறெங்கும் தண்ணீர் இல்லாத நேரம். குட்டைக்குப் பக்கத்து மரத்தில் பரண் கட்டி 24 மணி நேரம் உட்கார வேண்டும், கட்டுச்சோறும் தண்ணீரும் மேலேயே. வந்த விலங்கையெல்லாம் மணி போட்டு எழுதுவோம். காலை பத்து மணிக்கு 18 மான் வந்து குடித்துவிட்டுப் போகும், சாயங்காலம் நாலு மணிக்கு 21 வரும். அதே கூட்டமா வேறா? கூட்டத்தில் ஒரு பெரிய கலை (ஆண் மான்) இருந்து அதன் கொம்பில் ஒரு கிளை உடைந்திருந்தால் தெரியும், இல்லாவிட்டால் எப்படிச் சொல்வது? நிலா வெளிச்சத்தில் கடமானுக்கும் காட்டெருமைக் கன்றுக்குமே குழம்பியிருக்கிறோம். மழை ஒரு நாள் முந்திப் பெய்துவிட்டால் அத்தனையும் வீண், காடெங்கும் தண்ணீர் நிற்கும்போது குட்டைக்கு எது வரும்?

புலிக்குக் கால்தடம். 1966இல் ஒடிசாவில் சரோஜ் ராஜ் சவுத்ரி கொண்டுவந்த முறை. புழுதியில் பதிந்த பின்னங்கால் தடத்தின் மேல் கண்ணாடி வைத்து, அதன் மேல் கோடு இழுத்து, பிறகு தாளில் எடுப்போம். தடம் தேடத் தெரிந்த ஆளுக்கு அது நிறையச் சொல்லும், ஆணா பெண்ணா, எப்போது போனது, பசியோடா வயிறு நிறைந்தா என்றுகூடச் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் இந்தத் தடமும் அந்தத் தடமும் ஒரே புலியா என்று ஊர்ஊராக உட்கார்ந்து முடிவு செய்தபோதுதான் தப்பு நடந்தது. ராஜஸ்தானில் சரிஸ்காவில் 2004 வரை காகிதத்தில் புலி இருந்தது, 2005இல் தேடினால் ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம்தான் 2006இலிருந்து இப்போதைய முறை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்திலும் போன வருஷ எண்ணைப் பார்த்துவிட்டு அதற்குக் கொஞ்சம் மேலே எழுதும் பழக்கம் இருந்தது. குறைத்து எழுதினால் விளக்கம் கேட்பார்கள், கூட்டி எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் எழுதியிருக்கிறேன். மனசில் இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால் எங்கள் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைக்காதீர்கள். மேலே போனது கீழே போனது என்று அதில் ஒன்றும் படிக்க முடியாது. ஒன்று மட்டும் நம்பலாம், எந்தக் குட்டைக்கு எந்த விலங்கு வந்தது, எது எந்த வருஷத்தோடு நின்றுபோனது என்பது. அது நாங்கள் கண்ணால் பார்த்தது.

உங்கள் தாளில் 23 என்றால் 23 என்றே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கு என் நன்றி.


நாங்குநேரிக்காரன்:

வனவர் ஐயா இவ்வளவு வெளிப்படையாக எழுதியது பெரிய விஷயம். அந்தக் காலம் என்றாலே எண்ணிக்கை மட்டும் இல்லை என்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். எண்ணுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1963 முதல் 1965 வரை மத்தியப் பிரதேசம் கானாவில் இருந்து புள்ளிமான், பாராசிங்கா என்ற சதுப்புமான், வெளிமான், கடமான், புலி எல்லாவற்றையும் மாதக்கணக்கில் கவனித்தார். புலி எதைத் தின்கிறது என்று தெரிய அதன் எச்சத்தைக் கழுவி உள்ளே இருந்த மயிரைப் பிரித்துப் பார்த்தார், புள்ளிமான்தான் முதலிடம். அதே வேலையை இன்றைக்கும் ஆய்வகங்களில் சல்லடையும் மைக்ராஸ்கோப்பும் வைத்துச் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ஏ. ஜே. டி. ஜான்சிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் நடந்தார். ரேடியோ காலர் கிடையாது, கால்தான். செந்நாய் என்றால் தீமை என்று சுட்டுக்கொண்டிருந்த காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அது எப்படிக் கூட்டமாக வேட்டையாடுகிறது, எப்படிக் குட்டிகளுக்கு இரையைக் கக்கிக் கொடுக்கிறது என்று அருகிருந்து எழுதினார், பந்திப்பூரில் அதன் முக்கிய இரை நம் புள்ளிமான்தான் என்பதும் அதில் வந்தது. பிறகு டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்குப் போய் எத்தனையோ ஆய்வாளர்களை உருவாக்கினார். 2024 ஜூனில் காலமானார். அவரிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள்தான் இன்று பல காடுகளில் இந்த டிரான்செக்ட் போடுகிறார்கள்.

எண்ணிக்கையால் பிழைத்த மான் ஒன்றும் இருக்கிறது. கானாவின் கெட்டித்தரைப் பாராசிங்கா, அதாவது சதுப்பில் இல்லாமல் கெட்டியான தரையில் வாழும் வகை. 1970இல் எண்ணியபோது 66. உலகத்தில் அந்த வகை வேறெங்கும் இல்லை. 66 என்ற எண் வெளியே வந்ததும்தான் பதறினார்கள். 1971இலிருந்து கிளாட் மார்டின் என்ற சுவிஸ் ஆய்வாளர் அங்கே தங்கிப் பார்த்தார். புல்வெளிதான் அதற்கு எல்லாம், உயரப்புல் இல்லாவிட்டால் குட்டியை மறைக்க இடமில்லை, மாடு மேய்ந்தும் நெருப்பு வைத்தும் புல்லைக் குட்டையாக்கினால் குட்டி நிற்காது. வேலி போட்டு ஒரு பகுதியைக் காத்தார்கள், ஊர்களை இடம் மாற்றினார்கள், புல் திரும்பியது, மானும் திரும்பியது. இன்று பல நூறு, சாத்புராவுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். ஊரைக் காலி செய்தவர்களின் கதை தனி, அதையும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.


எடின்பரோ_தமிழன்:

ஒவ்வொரு மானையும் தெரிந்து வைத்திருக்கவே முடியாதா என்று ரவி சார் மனசுக்குள் கேட்பது போல் இருந்தது. ஒரு இடத்தில் வைத்திருக்கிறார்கள், நான் இருக்கும் ஸ்காட்லாந்தில்தான். மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்று ஒரு தீவு, சுமார் 100 சதுர கிலோமீட்டர். 1953இலிருந்து அங்கே செம்மான் ஆய்வு நடக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தீவின் வடக்குப் பகுதியில் மான் சுடுவதை நிறுத்திவிட்டு, டிம் கிளட்டன்-பிராக், ஃபியோனா கின்னஸ் ஆகியோர் அங்குள்ள ஒவ்வொரு மானையும் தனித்தனியாகப் பின்தொடர ஆரம்பித்தார்கள். கின்னஸ் அம்மையார் மானை முகம் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். குட்டி பிறந்த கொஞ்ச நேரத்துக்குள் பிடித்து எடை போட்டு, காதில் அடையாளம் போட்டு, துளி திசு எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவார்கள். தாய் யார், தந்தை யார், எத்தனை குட்டி, எப்போது செத்தது என்று தலைமுறை தலைமுறையாகக் கையில் இருக்கிறது.

50 வருஷத் தரவு என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1980களிலிருந்து பார்த்தால் அங்கே குட்டி போடும் நாள் சுமார் 12 நாள் முன்னே வந்துவிட்டது. வெப்பம் கூடியது ஒரு காரணம், மரபணுவே கொஞ்சம் மாறியதும் ஒரு காரணம் என்று 2019இல் எழுதினார்கள். 3 வருஷ ஆய்வில் இது கண்ணுக்கே பட்டிருக்காது. இதற்காக முதலில் குட்டி பிறந்த தேதியை எழுதியவர்களுக்கு இது எதற்குப் பயன்படும் என்று அன்றைக்குத் தெரியாது, எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். நம் காட்டில் இப்படிச் செய்ய முடியாது, புலியும் செந்நாயும் யானையும் இருக்கும் இடத்தில் பிறந்த குட்டியைத் தேடி யார் புதருக்குள் போவது. மரமில்லாத, மானை வேட்டையாடும் மிருகங்கள் இல்லாத தீவு என்பதால் முடிந்தது.


ஆனைகட்டி_ரவி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 6 கூட்டத்துக்கும் சைன் போட்டுச் செங்குத்துத் தூரம் எடுத்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தேன். ஐந்து புள்ளி 40 மீட்டருக்குள், ஒன்று மட்டும் தனியாக 70இல். அந்த 70 எது என்று பார்த்தால் மூன்றாம் நாள் வயலில், அதாவது சதுப்புப் புல்வெளியில் பார்த்தது, மறைவே இல்லாத இடம். மற்ற எல்லாம் உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிக் கிடந்த இடம். மான் இல்லாமல் போகவில்லை, புதர் மறைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே திரிகோணமிதிக்குக் கணக்காகக் கொடுக்கப் போகிறேன்.

வனவர் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் குட்டைக் குறிப்பேடுகள் எங்காவது பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் வந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துத் தருகிறேன், செலவு என்னுடையது.

நேற்று அண்ணனுக்குப் போன் போட்டேன். அடுத்த கணக்கெடுப்புக்கும் வருகிறேன் என்றேன். "வாங்க சார், ஆனா அந்த நீலச் சட்டை மட்டும் வேணாம், மானுக்கு அது தூரத்துலயே தெரியுது, நீங்க பின்னாடி வந்ததுலதான் ரெண்டு கூட்டம் முன்னாடியே கெளம்பிருச்சு" என்றார். அது உண்மையா, இல்லை என் மேல் பழியா?


விலங்கியல்_மாணவி:

உண்மைதான் அண்ணா. 1994இல் அமெரிக்காவில் வெள்ளைவால் மான், ஃபாலோ மான் இரண்டின் விழித்திரையையும் அளந்து பார்த்தார்கள். நமக்கு நிறம் பார்க்க மூன்று வகைச் செல் என்றால் அவற்றுக்கு இரண்டுதான், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம், ஆனால் நீலம் நன்றாகவே தெரியும். அந்த அண்ணன் ஆய்வகம் எதுவும் இல்லாமலே பார்த்து வைத்திருக்கிறார். பழுப்போ பாசிப்பச்சையோ போட்டுக்கொண்டு வாருங்கள். அப்புறம் வனவர் ஐயா நோட்டு தர ஒப்புக்கொண்டால் என்னையும் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.